வடகோடியில் முதியோரும் கணப்பெண்ணெயும்

கதிரவன் ஆண்டு முழுவதும் கட்டணம் கேளாமல் வீட்டைச் சூடாக்கித் தரும் நாடுகளில் வாழ்வோர்க்கு, வெப்பம் என்பது விலை கொடுத்து வாங்கும் பண்டம் என்று சொன்னால் வியப்பாகவே இருக்கும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் குடும்பத்தின் மின்கட்டணத்தை உயர்த்துவது அறையைக் குளிர்விக்கும் பொறியே. வட அமெரிக்காவின் வடகோடியிலோ, குடும்பத் தலைவர் ரொட்டிக்கும் இறைச்சிக்கும் முன்பாக எண்ணெய்க்குப் பணம் எடுத்து வைக்க வேண்டியவராக இருக்கிறார். அங்குள்ள முதியோர் இச்செலவைத் தாங்கமாட்டாமல் வீட்டையும் ஊரையும் விட்டு வெளியேறும் நிலை நேரலாகாது என்பதற்காகக் கனடாவின் வட ஆட்சிப்பகுதிகள் தனித் திட்டங்கள் வகுத்துள்ளன. அத்திட்டங்கள் எவை, அவை ஏன் தோன்றின, அவற்றில் எழும் வழக்குகள் யாவை என்பன அறியத்தக்கவை.

முதலில் சொல் பற்றி ஒரு குறிப்பு. குளிர்காய்வதற்கென மூட்டும் தீயைக் கணப்பு என்பது தமிழ் வழக்கு. காய்ச்சல் கண்ட உடம்பு கணகணவென்று இருக்கிறது என்று தாய்மார் சொல்வதை இச்சொல் நினைவூட்டும். பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை, வாடைக் காற்றில் நடுங்கும் கோவலர் கொள்ளிக்கட்டையில் கை காய்ச்சுவதையும், மாடத்தில் வாழ்வோர் தடவு என்னும் நெருப்புச் சட்டியின் முன் அமர்வதையும் காட்டுகிறது. ஆகவே குளிர்காலத்தில் ஏழைக்கு ஒரு தீயும் செல்வர்க்கு ஒரு தீயும் உண்டு என்பது தமிழர் அறியாத செய்தியன்று. வீட்டைச் சூடாக்க எரிக்கும் எண்ணெயை இக்கட்டுரை கணப்பெண்ணெய் என்று வழங்கும். அது பெரும்பாலும் டீசலுக்கு நெருங்கிய உறவுடைய ஓர் எண்ணெயே ஆகும்.

வடகோடியின் குளிரை எவ்வாறு அளந்து சொல்வது? நூனவுட் ஆட்சிப்பகுதியின் தலைநகராகிய இக்காலுயிட்டில் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ். வீட்டின் உள்ளே 21 பாகை வேண்டுமானால், சுவருக்கு இருபுறமும் உள்ள வேறுபாடு 48 பாகையாகிறது. சுவர் வழியே வெளியேறும் வெப்பத்தின் அளவு இவ்வேறுபாட்டைப் பொறுத்தது. வேறுபாடு இரட்டித்தால் இழப்பும் இரட்டிக்கும். இதனை வைத்தே பொறியாளர் ஒரு கணக்கு முறை வகுத்துள்ளனர். ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 18 பாகைக்கு எவ்வளவு குறைகிறதோ, அது அந்நாளின் கணப்புத் தேவை. சராசரி கீழ் 27 பாகையாக உள்ள நாளுக்கு 45 அலகு. அத்தகைய முப்பது நாளுக்கு 1,350 அலகு. ஆண்டு முழுதும் கூட்டினால் ஓர் ஊரின் குளிர் ஒரே எண்ணாகத் திரண்டு நிற்கும். சிங்கப்பூருக்கு இக்கணக்கைப் போட்டால் விடை சுழியமே. ஏழாம் எட்டாம் வகுப்பு மாணவர்க்குக் கூட்டலும் கழித்தலும் எதிர்ம எண்களும் கற்பிக்க இதனினும் நல்ல பயிற்சி அரிது. கீழ் 40 பாகையில் செல்சியஸ் அளவும் பாரன்ஹீட் அளவும் ஒன்றாகி விடுகின்றன என்பதையும் அப்போதே சொல்லி வைக்கலாம். வடகோடியார்க்கு அது ஏட்டுக் கணக்கன்று, வாசலில் நிற்கும் குளிர்.

அங்குள்ள வீட்டின் அமைப்பும் நாம் அறிந்ததினின்று வேறானது. மண் சில அடி ஆழத்துக்குக் கீழே ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். வீட்டின் சூடு அம்மண்ணில் இறங்கினால் மண் இளகி வீடு சாய்ந்துவிடும். ஆதலால் பல வீடுகளைத் தூண்களின் மேல் தூக்கிக் கட்டுகிறார்கள். தரைக்கு அடியிலும் காற்று வீசிச் செல்லும். பல ஊர்களில் குடிநீர் குழாய் வழி வருவதில்லை. வண்டியில் கொணர்ந்து வீட்டினுள் உள்ள தொட்டியில் நிரப்புவர். கணப்புலை ஓர் இரவு அணைந்து போனால் மனிதர் நடுங்குவதோடு கேடு நிற்பதில்லை. குழாய்கள் உறைந்து வெடிக்கும், தொட்டி பிளக்கும், வீடே குடியிருக்கத் தகாததாகிவிடும். எனவே எண்ணெயைச் சிக்கனம் செய்கிறோம் என்று உலையை அணைத்து வைக்கும் உரிமை அங்குள்ள ஏழைக்குக் கிடையாது. ஆண்டொன்றுக்குச் சில ஆயிரம் லிட்டர் எண்ணெய் ஒரு சிறு வீட்டுக்கே தேவைப்படும்.

அவ்வெண்ணெய் எவ்வழியே வருகிறது என்பதில்தான் விலையின் மருமம் இருக்கிறது. 1999 ஏப்ரல் முதல் நாள் தனி ஆட்சிப்பகுதியாகப் பிரிந்த நூனவுட்டின் பரப்பு ஏறத்தாழ 20 இலட்சம் சதுர கிலோமீட்டர். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 36,858 பேர். அவர்கள் 25 ஊர்களில் வாழ்கிறார்கள். அவ்வூர்களை நாட்டின் ஏனைய பகுதியோடு இணைக்கும் சாலை ஒன்றுகூட இல்லை. கடல் உருகும் கோடை வாரங்களில் எண்ணெய்க் கப்பல் வந்து, கரையிலுள்ள பெருந்தொட்டிகளை நிரப்பிவிட்டுத் திரும்பும். அடுத்த கோடைவரை அந்தத் தொட்டியே ஊரின் உயிர். உலகச் சந்தையில் விலை உயர்ந்திருந்த நாளில் அவ்வெண்ணெய் வாங்கப்பட்டிருந்தால், பின்னர் உலகமெங்கும் விலை இறங்கினாலும் அவ்வூரார்க்கு அது இறங்காது. சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் திரண்டுவிடும் ஆதலின், குளிரிலும் ஓடக்கூடிய தனித்தரம் வாய்ந்த எண்ணெயையே வாங்க வேண்டும் என்பது மற்றொரு செலவு. மின்சாரமும் இதே எண்ணெயினின்றே பிறக்கிறது. 25 ஊர்களிலும் டீசல் மின்னிலையங்களே இயங்குகின்றன.

அம்மின்னிலையங்களை நடத்தும் அரசு நிறுவனத்தின் பெயர் குல்லிக் என்பது. இனூயிட் மொழியில் குல்லிக் என்றால் பிறை வடிவமாகக் குடைந்த கல்விளக்கு. கடல்நாயின் கொழுப்பை உருக்கி, பஞ்சுப்புல்லும் பாசியும் திரியாக வைத்து, பெண்கள் அதனைக் காப்பர். பனிவீட்டிலும் தோற்கூடாரத்திலும் விளக்கும் அடுப்பும் கணப்பும் அது ஒன்றே. ஈரத் துணியை உலர்த்துவதும் குடிக்கப் பனியை உருக்குவதும் அதன்மேல்தான். இன்று எழுபத்தைந்து வயதைக் கடந்த இனூயிட் முதியோர் பலர் அவ்விளக்கொளியில் பிறந்தவர்கள். 1950களிலும் 1960களிலும் பள்ளி, மருந்தகம், அரசு வீடு ஆகியவற்றைக் காட்டி அக்குடும்பங்களை நிலையான ஊர்களில் குடியேற்றியது அரசு. வேட்டையாடிய கையால் வெப்பத்தைப் பெற்றவர்கள் அன்று முதல் அதனைக் காசு கொடுத்துப் பெற வேண்டியவராயினர். கணப்புதவி என்பது அரசு போடும் பிச்சை என்று எண்ணுவோர் இவ்வரலாற்றை ஒரு முறை படித்தல் நன்று. சாலையற்ற இடத்தில் ஊரை அமைத்து எண்ணெயைத் தவிர வேறு வழியில்லாத வீட்டைக் கட்டிக் கொடுத்தவர், அவ்வீட்டின் உலைக்கும் பொறுப்புடையவரே.

முதியோர்க்கென்று தனி உதவி ஏன் என்று கேட்கலாம். வயது முதிர முதிரத் தசை குறைகிறது, தோல் மெலிகிறது, குருதியோட்டம் தளர்கிறது. உடல் தன் சூட்டைத் தானே காக்கும் திறன் குன்றுகிறது. குளிர் தாக்கும்போது குருதிக் குழாய்கள் சுருங்கிக் குருதியழுத்தம் ஏறும். மாரடைப்புக்கும் வாதத்துக்கும் அது வழி திறக்கும். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே இடர். குளிர்ந்த நாடுகளில் வீட்டினுள் 18 பாகையேனும் இருத்தல் வேண்டும் என்றும், முதியோர் போன்றோர்க்கு அதனினும் கூடுதலாக வேண்டியிருக்கலாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. மேலும், உழைக்கும் வயதினர் பகலில் அலுவலகத்தின் சூட்டிலும் பள்ளியின் சூட்டிலும் காலம் கழிப்பர். முதியவரோ நாள் முழுவதும் வீட்டில் இருப்பவர். அவருடைய உலை ஓயாது எரிய வேண்டும். அவருடைய வருவாயோ ஓய்வூதியம் ஒன்றே.

முதியவர் தனித்திருப்பதும் அரிது. வடகோடியில் வீட்டுப் பஞ்சம் மிகுதி. பாட்டியின் வீட்டில் மகளும் பேரப்பிள்ளைகளும் கூடி வாழ்வதே பெருவழக்கு. அவ்வீட்டில் ஊற்றும் எண்ணெய் மூன்று தலைமுறைக்குச் சூடு தருகிறது. அக்குழந்தைகள் தாய்மொழி கேட்பதும் அந்தச் சூட்டில்தான்.

இனித் திட்டங்களைக் காண்போம். இவற்றுள் பழமையானது யூக்கான் ஆட்சிப்பகுதியின் முன்னோடியர் கட்டண உதவி. எண்ணெய் விலை ஏற்றம் உலகை உலுக்கிய பத்தாண்டின் இறுதியில், 1978இல் அது தொடங்கிற்று. 65 வயது நிரம்பி, சொந்த வீட்டிலோ வாடகை வீட்டிலோ தம் செலவில் கணப்பு வைத்துக்கொள்வோர் இதனைப் பெறலாம். துணைவரை இழந்தவர்க்கு இவ்வயது வரம்பு தளர்த்தப்பட்டுள்ளது. தலைநகராகிய வைட்ஹார்ஸுக்கு வெளியே வாழ்வோர்க்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். பெயரில் மட்டும் ஒரு முரண் உண்டு. தங்கம் தேடி வந்தவரைத்தான் அந்நாட்டில் முன்னோடியர் என்று வழங்கினர். அவர் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்த முதற்குடியினரின் முதியோரும் இன்று அதே பெயர் தாங்கிய படிவத்தில்தான் கையெழுத்திடுகின்றனர்.

அத்திட்டத்தின் ஒரு விதி மிகவும் பொருளுடையது. உதவி கேட்பவர் ஆண்டில் 183 நாளேனும் யூக்கானில் வாழ்ந்திருக்க வேண்டும். அவற்றுள் 90 நாள் குளிர்கால நாட்களாக இருக்க வேண்டும். வசதியுள்ள முதியோர் பலர் பனி தொடங்கியதும் தெற்கே வெயில் நாடுகளுக்குப் பறந்துவிடுவர். பறவைகள் வலசை போவது போலத்தான். பூட்டிய வீட்டுக்குக் கணப்புதவி எதற்கு என்பதே விதியின் கருத்து. சில வரிகளில் எழுதப்பட்ட இவ்விதி, திட்டத்தின் நோக்கத்தை நீண்ட முன்னுரையைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

வடமேற்கு ஆட்சிப்பகுதி 60 வயதிலேயே உதவியைத் தொடங்குகிறது. அங்கு ஊர்கள் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஓர் ஊர் எவ்வளவு தொலைவில், எவ்வளவு செலவு மிக்க இடத்தில் உள்ளது என்பதற்கேற்ப உதவியும் வருமான வரம்பும் மாறும். எண்ணெய் எரிப்பவர்க்கு மட்டுமன்றி விறகு எரிப்பவர்க்கும் அது உண்டு. மரம் வளரும் எல்லைக்குத் தெற்கே விறகே இன்றும் பலர்க்கு நம்பிக்கையான கணப்பு. ஆனால் விறகு இலவசம் என்று எண்ணுவது தவறு. இளமையில் தாமே மரம் வெட்டிப் பிளந்து அடுக்கியவர், எழுபது வயதில் அதனை விலைக்கு வாங்க வேண்டியவராகிறார். அல்லது மருமகனின் ஓய்வு நாளுக்குக் காத்திருக்கிறார். நூனவுட்டின் பெரும்பகுதியில் மரமே இல்லை. அங்கும் சொந்த வீட்டில் வாழும் முதியோர்க்கு எரிபொருள் உதவி உண்டு. எனினும் நூனவுட் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அரசு வீடுகளிலேயே குடியிருப்பதால், இந்த உதவி எட்டுவது சிலரையே. உதவி இல்லையேல், பாடுபட்டுத் தமக்கென வீடு கட்டிக்கொண்ட முதியவர், அரசு வீட்டில் இருப்பவரைக் காட்டிலும் துன்புறுவார். 65க்குப் பதில் 60 என்று வயதைக் குறைத்ததும் பொருத்தமே. இனூயிட் மக்களின் சராசரி ஆயுள் ஏனைய கனடியரின் ஆயுளைவிடப் பல ஆண்டுகள் குறைவானது. 65 வரை காத்திரு என்பது பலர்க்கு இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

அலாஸ்காவில் முறை வேறு. அமெரிக்க நடுவண் அரசு 1981இல் இயற்றிய சட்டத்தின்படி, வருவாய் குறைந்த இல்லங்களின் எரிசக்திச் செலவுக்கு மாநிலங்களுக்கும் பழங்குடி அமைப்புகளுக்கும் நிதி தரப்படுகிறது. அது முதியோர்க்கு மட்டும் உரியதன்று. ஆயினும் முதியோர், உடல் ஊனமுற்றோர், சிறு குழந்தைகள் உள்ள இல்லங்களுக்கு முதலிடம் உண்டு.

எல்லா முதியோர்க்கும் தருவதா, ஏழை முதியோர்க்கு மட்டும் தருவதா என்பது ஓயாத வழக்கு. யூக்கானில் நெடுங்காலம் வருமானம் பாராமலே தந்தனர். 2015 முதல் வருமானத்தைப் பார்க்கத் தொடங்கினர். இங்கிலாந்திலும் இதே வழக்கு அண்மையில் பெரும் புயலாக மூண்டது. 1997இல் தொடங்கிய குளிர்கால எரிபொருள் உதவியை 2024இல் அரசு மிக ஏழையர்க்கு மட்டும் என்று சுருக்கியது; நாடெங்கும் எதிர்ப்பு எழவே, 2025இல் ஆண்டு வருமானம் 35,000 பவுனுக்கு மேற்படாதோர் அனைவர்க்கும் என்று மீண்டும் விரித்தது. வருமானம் பார்ப்பதில் நீதி உண்டு. பணம் மிச்சமாகும் என்பதும் மெய். ஆயினும் வருமானம் பார்ப்பதென்றால் படிவம் நிரப்ப வேண்டும், வரிச்சீட்டு காட்ட வேண்டும். ஆங்கிலம் அறியாத எண்பது வயது மூதாட்டி, யார்க்கு உதவி மிகத் தேவையோ அவரே, அந்தப் படிவத்தின் முன் தயங்கி நிற்கிறார். உள்ளூரில் மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் அலுவலர் இருந்தால் திட்டம் வெல்லும். இல்லையேல் ஏட்டில் மட்டும் வாழும்.

மற்றொரு வழக்கு, உதவியை டாலரில் அளப்பதா, லிட்டரில் அளப்பதா என்பது. டாலர் கணக்கு அரசுக்கு எளிது. செலவு முன்கூட்டியே தெரியும். ஆனால் எண்ணெய் விலை ஏறினால் அதே டாலர் குறைந்த எண்ணெயையே வாங்கும். விலை ஏறும் இடர் முழுவதும் முதியவர் தலையில் விழுகிறது. லிட்டரில் அளந்தால் அவ்விடரை அரசு தாங்குகிறது. கணப்பு விரும்பி நுகரும் பொருளன்று, உயிர்த்தேவை. ஆதலின் லிட்டரே நேர்மையான அளவுகோல் என்று தோன்றுகிறது.

விலை எவ்வளவு விரைவில் ஏறக்கூடும் என்பதற்கு மெக்கன்சி ஆற்றங்கரையிலுள்ள நார்மன் வெல்ஸ் ஊரே சான்று. அவ்வூர் எண்ணெயால் பிறந்த ஊர். 1920இல் அங்கு எண்ணெய்க் கிணறு கண்டனர். பின்னர் ஒரு சுத்திகரிப்பு ஆலையும் நடந்தது. அது 1996இல் மூடப்பட்டது. 1985 முதல் அங்கு எடுத்த கச்சா எண்ணெய் குழாய் வழியே தெற்கே ஆல்பர்ட்டாவுக்குச் சென்றது. ஊரார் எரிக்கும் கணப்பெண்ணெயோ தெற்கிலிருந்து ஆற்று வழியே, சிங்கப்பூரார் தொங்காங் என்று சொல்லும் படகைப் போன்ற தட்டைப் படகுகளில், ஏற்றி வரப்பட்டது. 2023இலும் 2024இலும் மழை பொய்த்து ஆற்றில் நீர் வற்றியது. 2024இல் படகுகள் வரவே இயலவில்லை. எண்ணெயை வானூர்தியில் கொணர வேண்டியதாயிற்று. கணப்பெண்ணெயின் விலை ஏறக்குறைய இரு மடங்காயிற்று. எண்ணெய்க் கிணற்றின் மேல் அமர்ந்துகொண்டே ஒரு முதியவர் எண்ணெய்க்குத் தவித்தார் என்றால், நெசவாளி உடுக்கத் துணியின்றி நின்றது போலத்தான்.

இத்தகைய நெருக்கடி அலாஸ்காவின் நோம் நகரிலும் முன்னர் நேர்ந்தது. 2011 நவம்பரில் வீசிய பெரும் புயலால் குளிர்காலத்துக்கு முன் வரவேண்டிய கடைசி எண்ணெய்ப் படகு வந்து சேரவில்லை. கடல் உறைந்துவிட்டது. 2012 சனவரியில் ரெண்டா என்னும் உருசிய எண்ணெய்க் கப்பல், ஹீலி என்னும் அமெரிக்கப் பனியுடைக் கப்பல் முன்னே வழி பிளந்து செல்ல, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பனியைக் கடந்து வந்து, ஏறத்தாழ 13 இலட்சம் கேலன், அதாவது 49 இலட்சம் லிட்டர் எரிபொருளைக் குழாய் வழியே கரையில் இறக்கிற்று. அரசியலில் எதிரெதிராக நிற்கும் இரு நாடுகளின் கப்பல்கள் ஒரு சிற்றூரின் அடுப்புக்காக ஒன்றன்பின் ஒன்றாகச் சென்ற அக்காட்சியை உலகமே பார்த்தது.

ஆண்டுதோறும் எண்ணெய்க்குப் பணம் தருவதைவிட, எண்ணெய் தேவைப்படாத வீட்டைக் கட்டித் தருவதே மேல் என்பாரும் உண்டு. கருத்து நல்லதே. சுவருக்கும் கூரைக்கும் வெப்பத் தடுப்பு இடுதல், சன்னல் இடுக்குகளை அடைத்தல், பழைய உலையை மாற்றுதல் ஆகியவற்றால் எண்ணெய்ச் செலவு குறைவது உறுதி. வடமேற்கு ஆட்சிப்பகுதியில் 1997 முதல் இயங்கும் ஆர்க்டிக் எரிசக்திக் கூட்டமைப்பு இப்பணியில் மக்களுக்கு அறிவுரையும் மானியமும் தருகிறது. ஆனால் சீரமைப்புச் செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர் முதலில் தம் கையிலிருந்து போட வேண்டும் என்றால், ஓய்வூதியத்தில் வாழ்பவர் என் செய்வார்? கதிரொளி மின்சாரமும் வந்துவிட்டது. சாலையில்லாத ஓல்டு குரோ என்னும் யூக்கான் சிற்றூரில் முதற்குடியினர் அமைத்த கதிரொளி நிலையம் 2021 முதல் இயங்கி, வானூர்தியில் கொணரும் டீசலில் ஒரு பகுதியை மிச்சப்படுத்துகிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள அவ்வூரில் கோடையில் கதிரவன் நள்ளிரவிலும் மறைவதில்லை. கணப்பு மிக வேண்டிய திசம்பரிலோ அவன் தலை காட்டுவதே அரிது. அதனால் அம்மாதங்களில் உலை எரிய எண்ணெயும் விறகுமே கதி.

உதவி போதாதபோது நடப்பது என்ன? சிலர் ஓர் அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு ஏனையவற்றை மூடி வைக்கின்றனர். சிலர் மருந்துச் செலவைக் குறைக்கின்றனர். சிலர் பிள்ளைகளின் நெருக்கடி மிக்க வீட்டுக்குக் குடி பெயர்கின்றனர். அதற்கும் அப்பால் ஒரு பெயர்ச்சி உண்டு. நினைவு தளர்ந்தோரையும் இடையறாத பேணுதல் வேண்டுவோரையும் உள்ளூரில் வைத்துக் காக்க நூனவுட்டில் போதிய இல்லங்கள் இல்லாமையால், முதியோர் பலர் ஈராயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆட்டவா நகருக்கு அனுப்பப்பட்டுள்ளனர். அங்கே கணப்புக்குக் குறைவில்லை. அறை எந்நேரமும் கதகதப்பாகவே இருக்கும். ஆனால் கடல்நாய் இறைச்சி எளிதில் கிடைக்காது. சுற்றிலும் பேசப்படுவது ஆங்கிலமும் பிரெஞ்சும். பேரப்பிள்ளை வந்து பார்க்க வேண்டுமானால் வானூர்திக் கட்டணம் ஒரு மாத எண்ணெய்ச் செலவை மிஞ்சும். தம் ஊரில் தம் வீட்டில் இருக்கும்வரை அந்த மூதாட்டியே பள்ளி விழாவிலும் ஊர்க் கூட்டத்திலும் முதலில் அழைக்கப்படுபவர். கல்விளக்கைக் கொளுத்தி, திரியை நுனிக்கோலால் நேர்ப்படுத்திக் காட்டுவதற்கு அவர் கையே வேண்டும்.